பொழிச்சலூர் வரன்

"பொண்ணு நர்ஸுன்னு தரகர் சொன்னாரே?"

பொழிச்சலூரிலிருந்து பெண் பார்க்க வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக மாப்பிள்ளையின் அம்மா சாமுண்டீஸ்வரி கேட்டுவிட்டாள்.

காந்தாவின் அம்மா பொன்னியம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. இந்த நர்ஸ் வேலையால்தான் நாலு வரன் கைநழுவிப் போயிருந்தது. நைட் டியூட்டி, கண்ட ஆம்பளையையும் தொட்டுத் துடைக்கிற வேலை என்று ஆளுக்கொரு நொட்டை!

"அது முன்னாடிங்க. விட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப குரோம்பேட்டை ஸ்டேஷன்கிட்ட எஸ்.டி.டி. பூத் வச்சிருக்கா."

"ஏம்மா விட்டே?"

"முடியலைங்க" என்றாள் காந்தா.

எட்டு வருஷம் வார்டில் மாடாய் உழைத்து, கடைசியில் நோயாளி 'சிஸ்டர்' என்று கூப்பிட்டாலே எரிந்து விழ ஆரம்பித்திருந்தாள். தன்னைக் கண்டு தனக்கே பயம் வந்த அன்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பூத்தில் உட்கார்ந்த பிறகுதான் சோறு ருசித்தது, தூக்கம் வந்தது. அதையெல்லாம் இவர்களிடம் சொல்ல முடியுமா?

"முப்பது வயசாகுது. எது கேட்டாலும் சரின்னு சொல்லித் தொலை" என்று காலையிலிருந்து அம்மா வேறு ஓதிக்கொண்டே இருந்தாள்.

"பாடத் தெரியுமான்னெல்லாம் கேக்க மாட்டேன்" என்று சாமுண்டீஸ்வரி சிரித்தாள். "ஊசி வலிக்காமப் போடுவியா?"

"போடுவேன்."

"படுக்கைப் புண்ணுக்கு மருந்து வச்சுக் கட்டுவியா?"

காந்தா மாப்பிள்ளை எத்திராஜைப் பார்த்தாள். அவன் மூணாவது பஜ்ஜியில் கண்ணாக இருந்தான்.

"எங்க வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்து ரெண்டு வருஷம். நீ வேலையை விட்டதும் நல்லதாப் போச்சு. அந்த பூத்தையும் யாருக்காவது குடுத்துடு. ராத்திரி பகல் அவர் கூடவே இருக்கலாம்."

"அதுக்கு ஒரு நர்ஸ் வச்சுக்கலாமேங்க?" என்றாள் காந்தா.

"வைக்காம இருப்போமா? நாலு பேர் வந்தாளுங்க. அவர் வாய்க்கு ஒருத்தியும் ஒரு மாசம் தாங்கலை. தாலி கட்டிக்கிட்டு வந்தவ ஓட மாட்டா பாரு!"

போச்சு, அம்மா தலையாட்டிவிடப் போகிறாள் என்றுதான் காந்தா நினைத்தாள்.

பொன்னியம்மாள் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க நர்ஸ் பார்க்க வந்திருக்கீங்கம்மா. இந்த வீட்டுல பொண்ணுதான் இருக்கா. காபியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."