எட்டுத் துளைகள்

இந்த ஆளின் வாயில் ஒரு பூட்டுப் போட்டால் பாதிக் கோளாறு தானாகச் சரியாகிவிடும்.

சூர்யகலா அதை வெளியே சொல்லவில்லை. ஏணியின் மூன்றாம் படியில் நின்று, சுவரில் பொருத்தியிருந்த நெட்வொர்க் சுவிட்சை எட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஏணியைப் பிடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தார் தெய்வசிகாமணி. மரக்காணம் உப்பள முதலாளிகளின் எடைமேடை அலுவலகத்துக்கு அவர்தான் மேலாளர்.

"சுவிட்ச்னா லைட்டு போடுற சுவிட்ச் இல்லம்மா, புரியுதா? இந்தக் கம்ப்யூட்டர் சொல்றத அந்த பிரிண்டர்கிட்ட கொண்டுபோய் சேக்கும். போஸ்ட்மேன் மாதிரி. ஐ.பி. அட்ரஸ்னா வூட்டு நம்பரு."

ஏழு வருடமாக அவள் சோறு தின்பது இந்த வேலையில்தான். நேற்று மாலை இதே சுவரில் இந்தச் சுவிட்சைப் பொருத்தியவளும் அவளேதான். அவருக்கு அது மறந்துபோய்விடவில்லை. நேற்றும், "கூட ஆம்பள யாரும் வரலியா?" என்று வாசலை எட்டிப் பார்த்தவர்தானே.

காலை ஏழு மணியிலிருந்து எடைமேடைக் கணினிக்கும் கேமராவுக்கும் ரசீது பிரிண்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு லாரிகள் கிழக்குக் கடற்கரைச் சாலைவரை வரிசை கட்டி நின்று ஆரன் அடித்தன. முதலாளிகள் மூன்று பேர் போனில் கத்திவிட்டார்கள். மூன்று பேருக்கும் தெய்வசிகாமணி, "சர்வர் டவுனுங்க" என்றே பதில் சொன்னார்.

அந்த அலுவலகத்தில் சர்வர் என்று ஒன்று கிடையாது.

சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறி பிடித்தாற்போல மினுக்கிக்கொண்டிருந்தன. பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் அந்தச் சுவிட்சிலேயே செருகியிருந்தன.

'பிரிண்டர் யார்?' என்று கணினி எல்லோரையும் பார்த்துப் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். இப்படி ஒரு கேபிள் இருந்தால் அந்தக் குரல் ஒரு துளையில் வெளியேறி மறு துளையில் திரும்ப நுழையும். சுற்றிச் சுற்றிப் பெருகும். பிறகு யாரும் யாரோடும் பேச முடியாது.

ஒரு முனையைப் பிடுங்கினாள். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. கீழே பிரிண்டர் கரகரவென்று ரசீதைத் தள்ளியது.

அதோடு ஏணியை விட்டு இறங்கியிருக்கலாம்.

ஆனால் காலையிலிருந்து உள்ளே ஊறிக்கொண்டிருந்த ஏளனத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிடுங்கிய முனையை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

"எந்தப் புத்திசாலி சார் இந்த வேலையப் பண்ணது?"

மேலாளரின் முகம் கறுப்பதைப் பார்ப்பதற்காகவே கேட்டாள்.

"நான்தாம்மா சொருவுனேன். ஒட்டடை அடிக்கறப்ப."

வாசலோரம் அமுதவல்லி நின்றிருந்தாள். அங்கே கூட்டிப் பெருக்கி டீ போடுகிறவள். இருபது வருடம் உப்புப் பாத்தியில் நின்றதில் காலில் வந்த புண் ஆறாமல்போக, கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலைக்கு வந்தவள்.

தெய்வசிகாமணியின் முகம் கறுக்கவில்லை. மலர்ந்தது.

"பாத்தியா? இதுங்கள உள்ள வுட்டதே தப்பு. நாளையிலேருந்து பாத்திக்கே போய் உப்பு வாரட்டும். நீ உன் சர்வீஸ் ரிப்போர்ட்ல எழுதிக் குடும்மா, அமுதவல்லி பண்ண தப்புன்னு. பேரு தெளிவா இருக்கணும். போட்டோ புடிச்சு மொதலாளிங்களுக்கு அனுப்பணும்."

சூர்யகலா இறங்கி வந்து மேசையில் தாளை விரித்தாள்.

அமுதவல்லி அழவில்லை, கெஞ்சவில்லை. துணி சுற்றிய காலை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். சூர்யகலாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மறந்திருப்பாள் என்று சூர்யகலா ஒரு கணம் ஆசைப்பட்டாள். மறந்தவள் இவ்வளவு கவனமாகப் பார்வையைத் தவிர்க்க மாட்டாள்.

நேற்று வேலை முடிந்து, அமுதவல்லி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவளின் தோரணையில் சூர்யகலாதான் சொன்னாள். "உப்புக்காத்துக்கா. ஒரு ஓட்டையக்கூட தொறந்து வுடாதீங்க. துருப் புடிச்சிடும்."

எதைக் கொண்டு அடைப்பது என்று சொல்லவில்லை. மிச்சமிருந்த ஒரு துளையை அடைக்க வேண்டிய ரப்பர் மூடி சூர்யகலாவின் பைக்குள்ளேயே கிடந்தது. மறுபடி ஏணி ஏறச் சோம்பல். இன்னொரு பிரிண்டர் வரும் என்று ஒரு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையையும் அப்படியே தொங்கவிட்டுப் போய்விட்டாள். பாத்தியின் மடை திறந்து கிடந்தால் கைக்கு அகப்பட்ட சேற்றை அள்ளி அந்த நிமிடமே அடைத்துப் பழகியவள் அமுதவல்லி. சுவிட்சின் எட்டுத் துளைகளில் ஒன்று திறந்து கிடந்தது. கைக்கு அகப்பட்டது அந்த முனை.

அமுதவல்லி சொல்லியிருக்கலாம். 'இந்தப் பொண்ணுதான் சார் சொல்லிச்சு' என்று நாலே வார்த்தை.

இந்த வருடம் சூர்யகலாவின் பேரில் இரண்டு புகார்கள் ஆகிவிட்டன. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போ என்று கம்பெனியில் சொல்லிவைத்திருந்தார்கள்.

எழுதி முடித்துத் தாளை நகர்த்தினாள். தெய்வசிகாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"என்னாம்மா இது? சுவிட்ச் பொருத்தியவரின் கவனக்குறைவுன்னு போட்டு உன் பேர எழுதி வெச்சிருக்கிற? அவ பேரு எங்க? மாத்தி எழுது."

"வேற எழுத மாட்டேன் சார்" என்றாள் சூர்யகலா. குரலில் அதுவரை இருந்த ஏளனம் துளியும் இல்லை.