நாற்பதுக்குக் கீழே

போர் விமானத்தைப் பழுதுபார்ப்பவர்களின் மனச்சுமை எண் நாற்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விமானம் நிற்கும் ஹேங்கரின் கதவு திறக்காது. ஜெசிந்தாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை அந்த எண்ணை எந்நேரமும் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஆறு வருடமாக வீட்டில் யாரும் அவளிடம் முகம் சுளித்ததில்லை. கணவன் சிரிப்பான், மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

இன்றும் இருபத்திரண்டுதான். இன்ஜினைப் பூட்டி, ஸ்பேனர்களை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணி வைத்து, கையெழுத்திட்டு வெளியே வந்தாள். வாசலில் கணவன் அமலன் துணிப்பையோடு நின்றான். பக்கத்தில் எட்டு வயது மகள் ரோஷ்னி, காலையில் டாட்டா காட்டிய அதே சிரிப்போடு.

"உன் தம்பி நேத்து மத்தியானம் ஆக்சிடென்ட்ல போயிட்டான், ஜெசி. இன்னைக்கு உனக்கு இன்ஜின் வேலை, அதான் சொல்லல. சாயந்தரம் அடக்கம்."

பட்டை அதிர்ந்தது. எழுபது, எண்பது, தொண்ணூறு.

"இவளுக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும்."

ரோஷ்னி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஜெசிந்தா பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"கழட்டிட்டியாம்மா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் குழந்தை அழ ஆரம்பித்தது.