எல்லைப் பள்ளம்

பள்ளிக்கூட ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டியோடு விழுந்து, கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த சுமலதா வார்டு கூட்டத்தில் எழுந்தாள்.

"இன்னும் எத்தன புள்ளைங்க விழணுங்க? எப்பங்க ரோடு போடுவீங்க?"

கவுன்சிலர் பூபதி பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

"அந்தப் பள்ளத்தோட தமிழ்நாடு முடிஞ்சுபோச்சும்மா. அதுக்கு அந்தாண்ட கர்நாடகா. அத்திப்பள்ளிக்குப் போயி கன்னடத்துல கேளு, போ!"

அவருடைய அடிப்பொடிகள் கைதட்டினார்கள்.

"எல்லை அதுதான்னு நல்லாத் தெரியுமாங்க?"

"இங்கயே பொறந்து வளந்தவனுக்கே எல்லை சொல்றியா? வேணும்னா எழுதியே தர்றேன்."

"குடுங்க. உங்க வீடு பள்ளத்துக்கு அந்தாண்டதானே இருக்குது? கர்நாடகாக்காரரு இங்க எப்படி கவுன்சிலர் ஆனாருன்னு கலெக்டரைக் கேக்கணும்."

பல்குச்சி கீழே விழுந்தது.

மறுநாள் காலையில் வந்த ரோடு ரோலர், பள்ளத்தை மூடி, பூபதி வீட்டு வாசல்வரை தமிழ்நாட்டை நீட்டிவிட்டுத்தான் நின்றது.