சிவப்பு மையில் ‘தி’

கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்காக அறுபது வயதில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய கோமளவல்லி, வீட்டுச் சாமான்களில் எல்லாம் பெயரெழுதிய காகிதம் ஒட்டியிருந்தாள். டோர், ஃபேன், சேர். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ‘தி’யை எப்போதும் விட்டுவிடுவாள். கணவர் அருணகிரி பின்னாலேயே போய்ச் சிவப்புப் பேனாவால் சேர்ப்பார்.

இன்று விடிகாலையில் இறந்துபோனாள். அவளைக் கிடத்தும் ஐஸ்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் காகிதங்களோடு தூக்கித் தெருவில் போட்டார்கள். கூடத்தில் காகிதம் ஒட்டாமல் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

அருணகிரியின் தங்கை மகன் அவர் காதருகே குனிந்தான்.

“மாமா, பாடியை எத்தனை மணிக்கு எடுக்கலாம்?”

அவர் கை பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது.

“அத்தைன்னு சொல்லுடா.”