லாரியிலிருந்து தெறித்த கல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, விரிசல் விட்ட ஒரு கார் கண்ணாடியின் கதை சொல்கிறேன்.

“லாரியிலேர்ந்து கல்லு தெறிச்சிடுச்சு. பசை ஊத்தி அடைச்சிடுங்க. பழைய வண்டிக்குப் புதுக் கண்ணாடி ஒரு கேடா?” என்று மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார் கணவர்.

“அடைச்சா மறைஞ்சிடுமா? மாத்தச் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“நீ வாயை மூடு.”

“எதுக்கு மூடணும்? அண்ணே, வெளிப்பக்கம் தடவிப் பாருங்க, வழுவழுன்னு இருக்கும். குழி உள்பக்கம் இருக்கு. மெதுவாப் போங்கன்னு சொன்னதுக்கு, ஓட்டிக்கிட்டே போனைக் கண்ணாடியில ஓங்கி அடிச்சாரு.”

கணவர் தலை கவிழ்ந்தது. மெக்கானிக்கின் மேசைமேல் கிடந்த கார் சாவியை அவள் எடுத்துக்கொண்டாள்.

“கண்ணாடியை எப்படியோ பண்ணுங்கண்ணே. ஓட்டுற ஆளை நான் மாத்திட்டேன்.”

உங்கள் வண்டியில் வெளியிலிருந்து கல்லும் விழாமல், உள்ளிருந்து கையும் ஓங்காமல், எல்லோரும் நல்லபடி வீடு வந்து சேருங்கள், என் செல்லங்களே.