சுவர் எங்கே

மாணவர் ஓவியக் கண்காட்சியைத் திறக்க முதல்வர் வந்திருந்தார், துறைத்தலைவர் வந்திருந்தார், சிறப்பு விருந்தினராக மாநகராட்சிப் பொறியாளர் மாலையோடு வந்திருந்தார், பஜ்ஜிக்காக முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ரெஜினாவின் அம்மா வரவில்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கிய குடியிருப்பிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். ரெஜினாவின் படைப்பு, கூடத்தின் நடுவில் நிலையோடு தனியாக நின்ற ஒரு நீலக் கதவு. கால்வாய்க்கரை வீட்டை மாநகராட்சி இடித்த அன்று அம்மாவும் அவளும் பெயர்த்தெடுக்க முடிந்தது அதை மட்டும்தான். அதை அங்கிருந்து எடுக்காவிட்டால் மார்க் கிடையாது என்று துறைத்தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார். அவள் எடுக்கவில்லை.

பொறியாளர் கதவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்று பொக்லைனுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றவர் இவர்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு. செவுரு எங்க?"

"உங்க வண்டி அள்ளிட்டுப் போச்சே சார்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். துறைத்தலைவர் மட்டும் அவள் காதருகே குனிந்து, "நீ பெயில்மா. வீட்டுக்குக் கிளம்பு" என்றார்.

ரெஜினா செருப்பைக் கழற்றி நிலைக்கு வெளியே ஓரமாக விட்டாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். சாத்திப் பூட்டிக்கொண்டாள்.