சொல்லிக்கொள்ளாமல்

பெட்ரோல் பங்கில் வரிசைத் தகராறில் தங்கபுஷ்பத்தின் மகனைச் சுட்டுக் கொன்றவனுக்கு முப்பது வருடம் ஜெயில் என்று டிவியில் வந்ததும், தெருவே அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளியே சரவெடி போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் அவள் வாயில் லட்டைத் திணித்தான். "இன்னைக்குத்தான் அவன் ஆத்மா சாந்தியாச்சு அத்தை" என்றான். "தூக்குல போட்டிருக்கணும்" என்றார் இன்னொருவர். விழுங்க முடியாமல், துப்பவும் கூச்சப்பட்டு, லட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கிளம்பும்போது எல்லோரும் தவறாமல் "போயிட்டு வாறோம்" என்றார்கள். இரண்டு வருடம் முன்பு துட்டிக்கு வந்தபோது இவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக்கொண்டு போகவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. இது இனி சாவு வீடு இல்லையென்று யார் முடிவு செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, வாசலில் கிடந்த வெடித்தாள்களை மிதிக்காமல் ஒருத்தி வந்தாள். கோர்ட்டில் எதிர் பெஞ்சில் பார்த்த முகம். சுட்டவனின் அம்மா. தங்கபுஷ்பத்தின் மகன் படத்துக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தங்கபுஷ்பத்தின் வாயில் இன்னும் லட்டு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தங்கபுஷ்பம் கொல்லைப்புறம் போய் லட்டைத் துப்பி வாயைக் கொப்பளித்தாள். திரும்பி வந்து அந்த வெறுந்தரையில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.